கிரீன்லாந்து மொழியில் விகுதிகளின் ஆட்சி

கிரீன்லாந்தின் மேற்குக் கரையைக் காட்டும் தேசப்படத்தை விரித்து, அதில் பொறிக்கப்பட்டுள்ள ஊர்ப்பெயர்களைத் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொன்றாகப் படித்துச் செல்பவன், தான் அறியாமலே அந்நாட்டு மொழியின் இலக்கணத்தில் முதற்பாடத்தைக் கற்கத் தொடங்கிவிடுகிறான். தலைநகரின் பெயரான நூக் என்பது நிலமுனை என்னும் பொருளுடைய தனிச்சொல். அதற்கு வடக்கே அமைந்த ஸிஸிமியுத் என்னும் ஊர்ப்பெயரிலோ, விலங்கின் வளையைக் குறிக்கும் பகுதியோடு, ஓரிடத்தில் வாழ்வோர் என்று பொருள்படும் ‘மியுத்’ என்னும் விகுதி சேர்ந்து, நரிவளைகள் உள்ள இடத்தார் என்ற பொருள் விளைகிறது. அதனினும் வடக்கே உள்ள கெகெர்தர்ஸுவக்கில், தீவைக் குறிக்கும் ‘கெகெர்தக்’ என்ற பெயர், பெருமையைக் குறிக்கும் ‘ர்ஸுவக்’ என்ற விகுதியை ஏற்றுப் பெருந்தீவு ஆகிறது. உபெர்னவிக் என்பது இளவேனிலின் பெயரோடு இடத்தை உணர்த்தும் ‘விக்’ கூடி, இளவேனிற் காலத்து உறைவிடம் என நிற்கிறது. இந்த ஊர்ப்பெயர்களில் சிறிய அளவில் தென்படும் சொல்லாக்க முறையே, அம்மொழியின் பெயர், வினை, வாக்கியம் ஆகிய அனைத்தையும் ஆளுகின்ற முறையாகும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்மொழியைப் பேசுவோர் இதனைக் ‘கலால்லிஸுத்’ என்று அழைக்கின்றனர். ‘கலால்லித்’ என்பது கிரீன்லாந்து மக்களின் பெயர். ‘ஸுத்’ என்பது ஒப்புமைப் பொருளைத் தரும் வேற்றுமை உருபு. ஆகவே கிரீன்லாந்தாரைப் போல் பேசுதல் என்பதே மொழியின் பெயராக நின்றுவிட்டது. அலாஸ்காவிலிருந்து கனடாவின் வடபகுதி வழியாகக் கிரீன்லாந்து வரை பரவிய இனுயிட் மொழிகளுள் இது கிழக்குக் கோடியில் உள்ளது; இனுயிட் மொழிகளோ, யூபிக், அலூட் ஆகியவற்றையும் உள்ளடக்கிய பெருங்குடும்பம் ஒன்றின் கிளையாகும். ஏறத்தாழ 56,000 பேரே வாழும் அந்நாட்டில், 1979-ஆம் ஆண்டின் உள்நாட்டாட்சிச் சட்டம் இதனை முதன்மை மொழியாக ஏற்றது. 2009-ஆம் ஆண்டின் சுயாட்சிச் சட்டம் இதனையே ஆட்சிமொழியாக்கிற்று. மேற்குக் கரை வழக்கு, கிழக்குக் கரை வழக்கு, வடகோடியிலுள்ள தூலே பிரதேசத்து வழக்கு என மூன்று பெரும் வழக்குகள் இருப்பினும், எழுத்துமொழியாக நிலைபெற்றது மேற்கு வழக்கே. இங்கே எடுத்தாளப்படும் சொற்களும் அவ்வழக்கைச் சேர்ந்தவை. அடித்தொண்டையில் பிறக்கும் ஒருவகைக் ககரமும் சாதாரணக் ககரமும் அம்மொழியில் வெவ்வேறு எழுத்துகளாயினும், தமிழ் வரிவடிவில் இரண்டையும் ஒரே எழுத்தால் குறிப்பதன்றி வேறு வழியில்லை.

சொல்லாக்கத்தைக் காண, வீடு என்னும் பொருளுடைய ‘இல்லு’ என்ற எளிய பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ் வாசகருக்கு ‘இல்’ என்ற சொல் உடனே நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அந்த ஒற்றுமை முற்றிலும் தற்செயலானது. கனடாவின் இனுயிட் வழக்குகளில் இச்சொல் ‘இக்லு’ என்றே ஒலிக்கிறது. கிரீன்லாந்தின் பழைய எழுத்துமுறையிலும் அந்த இடைக் ககரம் எழுதப்பட்டே வந்தது. மெய் மறைந்து லகரம் இரட்டித்த பிறகே இன்றைய வடிவம் தோன்றியது. ஆங்கில வழியே உலகெங்கும் பரவிய ‘இக்லூ’ என்ற சொல்லும் இதுவேயாகும்.

இந்த ‘இல்லு’வோடு சிறுமையையும் அன்பையும் ஒருங்கே உணர்த்தும் ‘ங்ஙுவக்’ சேர்ந்தால் ‘இல்லுங்ஙுவக்’, அதாவது சிறுவீடு. பெருமையை உணர்த்தும் விகுதி சேர்ந்தால் ‘இல்லொர்ஸுவக்’, அதாவது பெருவீடு. இவ்விரண்டிலும் பெயர் பெயராகவே நிற்கிறது. ஆனால் ‘கர்’ என்ற விகுதி சேரும்போது பெயர் வினையாகிவிடுகிறது: ‘இல்லொகர்பொக்’ என்றால் அவருக்கு வீடு உண்டு என்று பொருள். ‘லியொர்’ சேர்ந்தால் ‘இல்லுலியொர்பொக்’, அவர் வீடு கட்டுகிறார். இச்சொற்களின் இறுதியிலுள்ள ‘பொக்’ என்பது கூற்றுப் பொருளையும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றிப் படர்க்கை ஒருமையையும் உணர்த்தும் முடிவு விகுதியாகும். இனி, ‘இல்லொகர்’ என்ற வினைப்பகுதியோடு இடத்தை உணர்த்தும் ‘ஃபிக்’ சேருமாயின், வினை மீண்டும் பெயராகி, ‘இல்லொகர்ஃபிக்’ என்று வீடுகள் உள்ள இடத்தை, அதாவது நகரத்தைக் குறிக்கும். அப்பெயரோடு மறுபடியும் ‘கர்’ சேர்த்தால், ‘நகரம் உண்டு’ என்ற வினை பிறக்கும். பெயரிலிருந்து வினைக்கும் வினையிலிருந்து பெயருக்கும் ஒரே சொல்லுக்குள்ளேயே இவ்வாறு போக்குவரத்து நடைபெறுவதுதான் இம்மொழியின் முதல் விசேஷம்.

ஆகவே ஆக்க விகுதிகளை நான்கு வகையாகப் பகுக்கலாம்: பெயரைப் பெயராகவே விரிப்பவை, பெயரை வினையாக்குபவை, வினையை வினையாகவே விரிப்பவை, வினையைப் பெயராக்குபவை. நானூறுக்கும் மேற்பட்ட இவ்விகுதிகள் எல்லாம் பகுதிக்குப் பின்னரே வருகின்றன. சுட்டுச் சொற்களின் முன் நிற்கும் ‘த’ என்ற ஓர் ஒட்டைத் தவிர, முன்னொட்டு என்பதே இம்மொழியில் இல்லை. இரண்டு பகுதிகளை அடுத்தடுத்து வைத்துத் தொகைச்சொல் ஆக்கும் வழக்கமும் மிக அருகியதே. ஒரு சொல்லுக்குப் பகுதி ஒன்றே. எஞ்சிய பாரம் முழுவதையும் விகுதிகளே சுமக்கின்றன.

காலத்தைக் குறிப்பது வினைக்கே உரிய இலக்கணம் என்று பழகிய நமக்கு வியப்பளிக்கும் விகுதிகள் சில உள. ‘ஸ்ஸக்’ என்பது பெயரோடு சேர்ந்து, இனி அப்பொருள் ஆகப்போவதை உணர்த்தும். ‘கொக்’ என்பது முன்பு அப்பொருளாக இருந்ததை உணர்த்தும். ‘இல்லுஸ்ஸக்’ என்றால் வருங்காலத்து வீடு, அல்லது வீடாகப்போகும் மூலப்பொருள். ‘இல்லுகொக்’ என்றால் வீடாக இருந்து பாழானது. மனைவியைக் குறிக்கும் ‘நுலியக்’ என்ற சொல் ‘நுலியஸ்ஸக்’ ஆகும்போது, மணம் பேசி முடிக்கப்பட்ட பெண்ணைக் குறிக்கிறது. எதிர்காலமும் இறந்தகாலமும் நிகழ்ச்சிகளுக்கு மட்டுமன்றிப் பொருள்களுக்கும் மனிதருக்கும் உண்டு என்ற உண்மையை, வேறு மொழிகள் அடைமொழிகளால் சுற்றிவளைத்துச் சொல்ல, இம்மொழி ஓரசையில் சொல்லிவிடுகிறது.

ஐரோப்பியர் இந்த அமைப்பை உணர்ந்த வரலாறும் நாம் அறியத்தக்கதே. நார்வேயைச் சேர்ந்த பாதிரியாரான ஹான்ஸ் எகெடே 1721-இல் கிரீன்லாந்தில் வந்திறங்கி மதப்பிரசாரத்தைத் தொடங்கினார். சிறுவயதிலேயே அங்கு சென்று, அந்நாட்டுக் குழந்தைகளோடு பழகி மொழியைக் கற்ற அவருடைய புதல்வர் பவுல் எகெடே, 1750-இல் அகராதி ஒன்றையும் 1760-இல் இலக்கணம் ஒன்றையும் வெளியிட்டார். விலங்கியலிலும் புகழ்பெற்ற ஓட்டோ ஃபாப்ரிஸியுஸ் என்பவர் 1791-இல் விரிவான இலக்கணமும் 1804-இல் அகராதியும் செய்தளித்தார். பெருமுயற்சியின் பயனாய் எழுந்த இந்நூல்களுக்கெல்லாம் லத்தீன் இலக்கணமே முன்மாதிரியாக இருந்தது. சொல் என்பது அகராதியில் இடம்பெறும் ஒரு பொருள் என்றும், அதன் இறுதி மட்டுமே வேற்றுமைக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுவது என்றும் கருதும் அந்த மரபு, கட்டக் கட்ட நீளும் ஒரு மொழியின் முன் திகைத்து நிற்க நேர்ந்தது.

அந்தத் திகைப்பை நீக்கியவர் ஸாமுவெல் கிளைன்ஷ்மிட். மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மன் பாதிரியாரின் மகனாக 1814-இல் கிரீன்லாந்தின் தென்பகுதியிலேயே பிறந்து, ஐரோப்பாவில் கல்வி பயின்று திரும்பி, 1886-இல் மறையும்வரை அந்நாட்டிலேயே வாழ்ந்த அவர், 1851-இல் பெர்லினில் வெளியிட்ட இலக்கணம், அம்மொழியை அதன் சொந்தக் கண்களால் நோக்கிய முதல் நூல் என்று போற்றப்படுகிறது. முடிவு விகுதிகளையும் ஆக்க விகுதிகளையும் அவர் தெளிவாகப் பிரித்தார். பின்னவற்றைச் சொல்லின் சிதைந்த எச்சங்களாகக் கருதாமல், பின்னே ஒட்டி நிற்கும் ஒருவகைச் சொற்களாகவே கருதினார். அந்தப் பார்வை மாற்றத்தால், அதுவரை ஒழுங்கற்ற நீட்சிகளாகத் தோன்றியவை ஒரு சீரான முறையின் விளைவுகள் என்பது தெளிவாயிற்று. 1871-இல் வெளிவந்த அவருடைய அகராதியும் அம்முறையை ஒட்டியதே. கிரீன்லாந்தின் இலக்கண வழக்கில் இன்று ஆக்க விகுதிக்கு வழங்கும் பெயர் ‘உயிகூத்’. நீட்டுவதற்குச் சேர்க்கப்படுவது என்பது அதன் பொருள்.

நன்னூலின் பதவியலைக் கற்ற தமிழருக்கு இம்மொழியை அணுகுவது ஓரளவு எளிது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறு உறுப்புகளைக் கொண்டு பகுபதத்தைப் பிரித்துப் பழகியவருக்கு, சொல் என்பது உறுப்புகளால் ஆனது என்ற கருத்தைப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஓரெல்லைக்கு அப்பால் நம்முடைய பகுப்பு முறை உதவுவதில்லை. ‘நடப்பித்தான்’ என்ற சொல்லில் எந்த உறுப்பு எங்கே நிற்கும் என்பது முன்பே விதிக்கப்பட்டது. காலம் காட்டும் இடைநிலையைப் பிறவினை விகுதிக்கு முன்னே நகர்த்த யாராலும் இயலாது. கிரீன்லாந்து மொழியிலோ, பகுதிக்கும் முடிவு விகுதிக்கும் இடையே உள்ள வெளியில் எத்தனை ஆக்க விகுதிகள் வரலாம் என்பதற்கு வரையறை இல்லை; அவற்றுள் பலவற்றின் வரிசையோ, பேசுபவன் கருதும் பொருளுக்கேற்ப மாறக்கூடியது.

இந்த வரிசைதான் விஷயத்தின் உயிர்நிலை. ஒவ்வொரு விகுதியும் தனக்கு முன்னே உள்ள முழுப்பகுதியையும் ஒரே பொருளாக ஏற்றுக்கொண்டு, அதன்மீது தன் பொருளைச் செலுத்துகிறது. சிறு பேழையை அதனினும் பெரிய பேழைக்குள்ளும், அதனை மற்றொன்றுக்குள்ளும் வைத்துக்கொண்டே போவதைப் போல, வலப்புறம் வருவது இடப்புறம் உள்ளதையெல்லாம் தன்னுள் அடக்குகிறது. உறக்கத்தைக் குறிக்கும் ‘ஸினிக்’ என்ற வினைப்பகுதியையும், இயலுதலைக் குறிக்கும் ‘ஸின்னா’, எதிர்மறையைக் குறிக்கும் ‘ங்ஙித்’ என்ற இரண்டு விகுதிகளையும் கொண்டு இதனைச் சோதிக்கலாம். முதலில் இயலுதலும் பின்னர் எதிர்மறையும் வந்தால் ‘ஸினிஸ்ஸின்னாங்ஙிலக்’, அவரால் உறங்க இயலவில்லை. முதலில் எதிர்மறையும் பின்னர் இயலுதலும் வந்தால் ‘ஸினிங்ஙிஸ்ஸின்னாவொக்’, அவரால் உறங்காமல் இருக்க இயலும். உறுப்புகள் அவையே, நோயாளியின் துன்பத்தையும் காவற்காரனின் திறமையையும் வேறுபடுத்திக் காட்டுவது வரிசை ஒன்றே.

மொழியியல் நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நீண்ட சொல் ஒன்று இந்த நியதியை இன்னும் விளக்கமாகக் காட்டுகிறது: ‘துஸாங்ஙித்ஸூஸார்துவான்னர்ஸின்னாங்ஙிவிப்புதித்’. பார்த்த மாத்திரத்தில் மலைக்கவைக்கும் இச்சொல்லை இடமிருந்து வலமாகப் பிரித்தால் மலைப்பு நீங்கும். ‘துஸா’ என்பது கேட்டல். ‘ங்ஙித்’ அதனை மறுக்கிறது. அடுத்து வரும் ‘ஸு’, வினையைப் பெயராக்கிக் கேளாதவர் என்ற பொருளைத் தருகிறது. ‘ஊஸார்’ அப்பெயரை மீண்டும் வினையாக்கி, கேளாதவராகப் பாசாங்கு செய்தலைக் குறிக்கிறது. ‘துவான்னர்’ என்பது எப்போதும், ‘ஸின்னா’ இயலுதல், அதன்பின் மறுபடியும் எதிர்மறை, ‘விப்’ மெய்யாகவே என்ற அழுத்தம், இறுதியில் உள்ள ‘புதித்’ முன்னிலை ஒருமை. எப்போதும் காதில் விழாதவன்போல் பாசாங்கு செய்துகொண்டே இருக்க உன்னால் மெய்யாகவே முடியாது என்பது இதன் திரண்ட பொருள். எதிர்மறை இருமுறை வந்தும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவில்லை. முதல் எதிர்மறை கேட்டலை மட்டும் மறுத்துப் பாசாங்கின் உள்ளே அடங்கி நிற்க, இரண்டாவது எதிர்மறை அந்தப் பாசாங்கையும் அதன் நீடிப்பையும் அதற்கான ஆற்றலையும் சேர்த்து மறுக்கிறது. வாக்கியத்துக்குள் வாக்கியம் அடங்குவதைத் தனித்தனிச் சொற்களால் காட்டும் மொழிகள் செய்யும் வேலை முழுவதும், இங்கே ஒரே சொல்லுக்குள் நடந்தேறிவிடுகிறது.

செய்தியைச் சொல்பவன் அச்செய்தியை எவ்வாறு அறிந்தான், எவ்வளவு நம்புகிறான் என்பனவும் விகுதிகளின் ஆட்சிக்கு உட்பட்டவையே. வந்து சேர்தலைக் குறிக்கும் ‘திகித்’ என்ற பகுதியிலிருந்து ‘திகிப்பொக்’ என்றால் அவர் வந்தார். ‘திகிஸ்ஸாக்’ என்றால் வருவார். ‘திகிக்குனர்பொக்’ என்றால் வந்திருப்பார்போல் தோன்றுகிறது. ‘திகிஸ்ஸிமவொக்’ என்றால் வந்துவிட்டார், அதற்கான அடையாளம் கண்ணுக்குப் புலனாகிறது என்ற குறிப்பும் அதில் உண்டு. ‘திகின்னெரர்பா’ என்றால் அவர் வந்ததாக இன்னொருவர் சொல்கிறார். இவையன்றி, முடிவு விகுதிக்கும் பின்னே வந்து ஒட்டும் ‘கூக்’ என்ற இடைச்சொல் ஒன்று உண்டு. ‘திகிப்பொரோக்’ என்பது நம்முடைய ‘வந்தாராம்’ என்பதற்கு நேரானது. பிறர்வாய்க் கேட்டதைத் தான் கண்டதுபோல் சொல்லாதபடி காக்கும் அந்த ஓரசையின் அருமையை, ‘ஆம்’ என்னும் அசையால் அதே பணியைச் செய்துகொள்ளும் தமிழரே நன்குணர்வர்.

பெயரை வினையாக்கும் விகுதிகள் அறிஞர்களிடையே ஒரு நீண்ட வாதத்தைக் கிளப்பின. அமெரிக்கப் பழங்குடி மொழிகள் சிலவற்றில் வினை, தன் செயப்படுபொருளான பெயரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும் இயல்பு உண்டு. மொழியியலாளர் எட்வர்ட் ஸபீர் 1911-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அந்த இயல்பைத் தனிப்பட நிற்கவல்ல வினைப்பகுதியோடு பெயர் கூடுவதென்று வரையறுத்து, எஸ்கிமோ மொழிகளில் காணப்படுவதை அதனினின்றும் விலக்கினார். ஏனெனில், உடைமையைக் குறிக்கும் ‘கர்’ போன்றவை ஒரு சொல்லின் தொடக்கமாக ஒருபோதும் வாரா. உடைமையை மட்டும் சொல்ல வேண்டுமாயின், யாதோ ஒன்று என்ற மிகப் பொதுவான பொருளுடைய ‘பி’ என்ற பகுதியை முன்னே நிறுத்தி ‘பெகர்பொக்’ என்றே சொல்ல வேண்டும். பகுதியின் துணையின்றி விகுதிக்கு வாழ்வில்லை.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1980-இல், ஜெரல்ட் ஸேடாக் என்ற மொழியியலாளர் இந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கினார். அவர் காட்டிய வகையான சான்றுக்கு ஓர் எளிய உதாரணம்: ‘மர்லுன்னிக் கிம்மெகர்புஙா’, எனக்கு இரண்டு நாய்கள் உண்டு. இதில் ‘கிம்மெக்’ என்ற நாயின் பெயர் வினைச்சொல்லின் உள்ளே அடங்கிப்போயிருக்க, அதன் எண்ணிக்கையைச் சொல்லும் ‘இரண்டு’ என்பதோ, ‘நிக்’ என்ற வேற்றுமை உருபையும் பன்மையையும் ஏற்று, வெளியே தனிச்சொல்லாக நிற்கிறது. ஒரு சொல்லின் உட்புறம் வாக்கிய அமைப்பின் கண்ணுக்குத் தெரியாது என்பது பல இலக்கணக் கொள்கைகளின் அடிப்படைச் சித்தாந்தம். இங்கேயோ, சொல்லின் உள்ளே இருக்கும் பெயரை வெளியே இருக்கும் அடைமொழி தடையின்றிச் சென்று தழுவுகிறது. ஆகையால் இவ்விகுதிகளின் புணர்ச்சி வாக்கிய இலக்கணத்தைச் சேர்ந்த செயலே என்று அவர் வாதித்தார். மரியான் மிதுன் முதலியோர் ஸபீரின் பக்கம் நின்று மறுத்தனர். பெயரிடும் பிரச்சினையில் எவர் வென்றாராயினும், சொல்லிலக்கணம் எங்கே முடிந்து வாக்கிய இலக்கணம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோட்டை அறிஞர் மறுபடியும் அளந்து பார்க்கும்படி செய்தது இச்சிறிய விகுதிகளே.

பெயர் வினைக்குள் அடங்குவதும் வெளியே நிற்பதும் பேசுபவனின் விருப்பத்துக்கு விடப்பட்ட அலங்காரமும் அன்று. ‘இல்லுலியொர்பொக்’ என்னும்போது வீடு ஏதோ ஒரு வீடு. கேட்பவன் அதை முன்பு அறிந்திருக்க வேண்டியதில்லை. அந்த வீட்டை, அதாவது இருவரும் அறிந்த ஒரு வீட்டை அவர் கட்டினார் என்று சொல்ல நேரும்போது, ‘இல்லு ஸனவா’ என்று பெயர் வெளியே வந்து தனித்து நிற்கிறது. வினையும் செய்பவனையும் செய்யப்படுவதையும் ஒருங்கே காட்டும் வேறொரு முடிவு விகுதியை ஏற்கிறது. பேச்சில் புதிதாகப் புகும் பொருளை வினைக்குள் வைத்து அறிமுகம் செய்வதும், அறிமுகமானதை வெளியே நிறுத்திப் பேசுவதுமான இந்த நாகரிகத்தால், நீண்ட சொல்லைப் பயன்படுத்துவதா குறுஞ்சொற்களால் சொல்வதா என்பதும் பொருளோடு தொடர்புடையதாகிறது.

விகுதிகள் பகுதியோடு புணரும்போது நிகழும் ஒலிமாற்றங்கள் தனி அத்தியாயத்துக்கு உரியவை. உகரமும் இகரமும் அடித்தொண்டை மெய்களுக்கு முன்னே ஒகரமாகவும் எகரமாகவும் ஒலிக்கும். ‘இல்லு’ என்பது ‘இல்லொகர்பொக்’ ஆனது அதனாலேயே. சில விகுதிகள் பகுதியின் இறுதி மெய்யை விழுங்கிவிடும்; சில அதனைப் போற்றிவைக்கும். வாசிக்கப்படுவது என்று பொருள்பட்டு நூலைக் குறிக்கும் ‘அதுவகக்’ என்ற பெயரோடு ஆக்குதலைக் குறிக்கும் ‘லியொர்’ புணரும்போது, உயிர் கெட்டு மெய் இரட்டித்து ‘அதுவக்கியொர்பொக்’ என்றாகிறது: நூல் எழுதுகிறார். கிளைன்ஷ்மிட் வகுத்த எழுத்துமுறை, பேச்சில் மறைந்துபோன மெய்களையும் எழுத்தில் காட்டி, உறுப்புகளின் மூலவடிவைக் கண்ணுக்குப் புலப்படுத்திற்று. ஆனால் எழுதக் கற்கும் சிறுவர்க்கு அது பெருஞ்சுமையாயிற்று. 1973-இல் வந்த சீர்திருத்தம் செவியைப் பின்பற்றி எழுதுவதை விதியாக்கியதால் எழுதுவது எளிதாயிற்று. அதற்கு விலையாக, சொல்லின் மூட்டுகள் எழுத்தில் மறைந்தன. இலக்கண அறிவுக்கும் எழுத்தறிவுக்கும் இடையே எந்த மொழியும் செய்துகொள்ள வேண்டிய சமரசத்தின் இரண்டு முகங்கள் இவை.

இவ்வளவையும் உணர்ந்த ஒருவர், எஸ்கிமோக்களின் மொழியில் பனிக்கு நூற்றுக்கணக்கான சொற்கள் உண்டு என்ற பிரசித்தமான கதையை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதையும் எளிதில் அறிவார். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911-இல் நான்கு பகுதிகளையே உதாரணமாகக் குறிப்பிட்டார். பிற்கால எழுத்தாளர் கைகளில் அத்தொகை பெருகிக்கொண்டே போயிற்று. 1986-இல் லாரா மார்ட்டின் என்னும் ஆராய்ச்சியாளர் அப்பெருக்கத்தின் வரலாற்றை வெளிப்படுத்தினார். கிரீன்லாந்து மொழியில் தரையில் கிடக்கும் பனிக்கு ‘அபுத்’ என்றும், விழுகின்ற பனிக்கு ‘கனிக்’ என்றும் பெயர். இவற்றோடு விகுதிகளைச் சேர்த்து ஆக்கக்கூடிய சொற்களை எண்ணத் தொடங்கினால் முடிவே இராது; ஆனால் நாயைக் குறிக்கும் பகுதியிலிருந்தும் வீட்டைக் குறிக்கும் பகுதியிலிருந்தும் அதே அளவு சொற்களை ஆக்கலாம். ஆகவே அக்கதையில் பிழையானது எண்ணிக்கை மட்டுமன்று. இத்தகைய மொழியில் சொற்களை எண்ணலாம் என்ற நினைப்பே பிழையானது.

புதிய பொருள்கள் வந்து புகுந்த காலத்தில் இச்சொல்லாக்க ஆற்றல் நன்கு பயன்பட்டது. விமானம் ‘திம்மிஸர்தொக்’, வழக்கமாகப் பறப்பது. விமானநிலையம் ‘மித்தர்ஃபிக்’, வழக்கமாக வந்திறங்கும் இடம். பள்ளி ‘அதுவர்ஃபிக்’, வாசிக்கும் இடம். கடை ‘பிஸினியர்ஃபிக்’, வாங்க முற்படும் இடம். வங்கி ‘அனிஙாஸெரிவிக்’, பணத்தோடு தொழில் புரியும் இடம். கணிப்பொறி ‘கரஸாஸியக்’, செயற்கை மூளை. டேனிஷ் மொழியிலிருந்து வந்த சொற்களும் ஏராளம்; ஆனால் வந்தவை பெரும்பாலும் பெயர்களே. காப்பியைக் குறிக்கும் ‘கஃபி’, வந்தவுடன் ‘கஃபிஸொர்பொக்’ என்று பருகப்படுகிறது. ‘கஃபிலியொர்பொக்’ என்று தயாரிக்கப்படுகிறது. மோட்டார் வண்டியாகிய ‘பீலி’, ‘பீலெகர்பொக்’ என்று ஒருவருக்கு உடைமையாகிறது. விருந்தாளியாக வந்த பகுதியும் வீட்டு விகுதிகளின் கட்டளைக்கே பணிந்து நடக்க வேண்டியிருக்கிறது.

அகராதி செய்வோரின் பணியும் இதனால் வேறுபடுகிறது. 1920-களில் ஷுல்ட்ஸ் லோரென்ட்ஸன் தொகுத்த அகராதியில், பகுதிகள் ஒருபுறமும் ஆக்க விகுதிகள் பிற்சேர்க்கையாக மறுபுறமும் தரப்பட்டன. சொல்லை விளைவிப்பவற்றை அறியாதார்க்கு விளைந்தவற்றின் பட்டியல் போதாது என்பதே காரணம். நாட்டின் மொழிச் செயலகமாகிய ‘ஒகாஸிலெரிஃபிக்’ கணிப்பொறிக்கென உருவாக்கிய எழுத்துப்பிழை திருத்தியும் அதே வழியைப் பின்பற்றியது. ஆங்கிலத்துக்குப் போலச் சொற்பட்டியலோடு ஒப்பிட்டுப் பிழை காண்பது இங்கே இயலாத காரியம். ஒவ்வொரு சொல்லையும் பகுதியும் விகுதிகளுமாகப் பிரித்து, அப்புணர்ச்சி விதிகளுக்கு ஏற்றதா என்று ஆராயும் இலக்கணமே கருவிக்குள் பொதிந்திருக்க வேண்டும். அக்கருவிக்கு இட்ட பெயரும் ‘குக்குனியாத்’, பிழையை நீக்கும் சாதனம் என்று விகுதிகளாலேயே ஆயிற்று.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அன்றாடப் பேச்சிலோ பத்திரிகையிலோ ஒன்பது உறுப்புகள் கொண்ட சொற்கள் வரிசையாக வருவதில்லை. ஓரிரு ஆக்க விகுதிகளோடு முடியும் சொற்களே மிகுதி. ‘திம்மிஸர்தொக்’ முதலியன வழக்கில் இறுகி, பேசுபவர் உறுப்புகளை எண்ணாமலே முழுச்சொல்லாக எடுத்தாளும் நிலையை அடைந்துவிட்டன. விகுதிகளுள்ளும் எல்லாம் ஒரே நிலையில் இல்லை: எந்தப் பகுதியோடும் தடையின்றிச் சேர்பவை உள, ஒருசில பழஞ்சொற்களில் மட்டும் உறைந்து, புதிதாக எதனையும் ஆக்கும் வலிமையிழந்தவையும் உள. எந்த வரிசையும் செல்லும் என்பதுமில்லை. காலம், ஐயம், தெளிவு முதலியவற்றை உணர்த்துபவை பெரும்பாலும் முடிவை நெருங்கியே நிற்கின்றன. சுதந்திரமும் மரபும் கலந்த இந்த எல்லையை இலக்கணநூல் வழியே கற்பவர் பல ஆண்டுகள் பயில வேண்டியிருக்க, கிரீன்லாந்துக் குழந்தைகளோ மழலைப் பருவத்திலேயே விகுதிகளைப் பிரித்தும் சேர்த்தும் பேசத் தொடங்கிவிடுகின்றனர்.

யுனெஸ்கோவின் கணக்கில் இம்மொழி நலியக்கூடிய மொழிகளுள் ஒன்று. டேனிஷின் செல்வாக்கு பல துறைகளில் இன்றும் குறையவில்லை. ஆனால் கடன்சொற்களின் தொகையைக் கொண்டு அதன் நலிவை அளப்பது, சொற்களை எண்ணிப் பெருமை பேசிய பழைய பிழையையே வேறுவிதத்தில் செய்வதாகும். பகுதிகள் வரும், போகும். நாய்வண்டியின் உறுப்புகளுக்குரிய பெயர்கள் மறக்கப்படலாம், கணிப்பொறியின் உறுப்புகளுக்குப் பெயர்கள் தோன்றலாம். இம்மொழியின் அறிவு முழுவதும் நானூற்றுச் சொச்சம் விகுதிகளிலும், அவற்றை எந்த வரிசையில் நிறுத்தினால் எந்தப் பொருள் எதனுள் அடங்கும் என்ற நுண்ணுணர்விலும் தங்கியிருக்கிறது. உறங்க இயலாதவனையும் உறங்காதிருக்க இயன்றவனையும் இரண்டு விகுதிகளின் இடமாற்றத்தால் பிரித்துச் சொல்லும் திறமை நூக் நகரத்துப் பள்ளிச் சிறுவனிடம் இருக்கும்வரை, அவன் சொற்களில் எத்தனை டேனிஷ் பகுதிகள் கலந்திருந்தாலும், அவன் பேசுவது கலால்லிஸுத்தே.